பெயர் ஓடும் நேரம்
வாசகர் கேள்விகளுக்கு ஒரு டைட்டில் டிசைனரின் பதில்கள்

சினிமா, தொலைக்காட்சி டைட்டில்கள் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் ஆசிரியர் அறிவித்திருந்தார். இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் உட்கார்ந்து சீரியல்களுக்கும் படங்களுக்கும் டைட்டில் செய்வதுதான் என் பிழைப்பு. கணினி இல்லாமல் ஃபிலிமிலேயே டைட்டிலைப் படம் பிடித்துச் செய்த ஆப்டிக்கல் காலத்தின் கடைசியில் வேலைக்கு வந்தவள். கடிதங்களில் பலவும் ஒரே விஷயத்தைக் கேட்டதால், சேர்க்க முடிந்ததைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

தியேட்டரில் டைட்டில் ஓடும்போதுதான் எல்லோரும் ஸீட் தேடுகிறார்கள். அதைப் போய்க் கலை என்கிறீர்களே? இது எப்போது தொடங்கியது?
- வாசகர், கும்பகோணம்

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் நிலைமை இதுதான். சொல்லப்போனால் இன்னும் மோசம். பெயர்கள் ஓடி முடியும்வரை சில தியேட்டர்களில் திரைச்சீலையைக்கூட விலக்க மாட்டார்கள். சீலையின் மடிப்பு மேலேயே பெயர்கள் விழுந்துகொண்டிருக்கும். 1955-இல் 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' என்று ஒரு படம் வந்தது. ஆட்டோ பிரெமிஞ்சர் இயக்கி, ஃபிராங்க் சினாட்ரா நடித்தது. அந்தப் படத்தின் ரீல் பெட்டிகளோடு ஆபரேட்டருக்கு ஒரு குறிப்பும் போனது: டைட்டிலுக்கு முன்பே திரையை விலக்கிவிடவும்.

டைட்டிலைச் செய்தவர் சால் பாஸ். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர், விளம்பரமும் போஸ்டரும் செய்துகொண்டிருந்தவர். கறுப்புத் திரை. எல்மர் பெர்ன்ஸ்டைனின் ஜாஸ் இசை தொடங்கியதும் மேலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை இறங்குகிறது. ஓரம் நேராக இல்லை, கத்தரியால் வெட்டிய காகிதம் போலக் கொஞ்சம் கோணலாக இருக்கிறது. பிறகு இன்னொன்று, பிறகு இன்னும் சில. பட்டைகளுக்கு நடுவே பெயர்கள் வந்து போகின்றன. பட்டைகள் இடம் மாறுகின்றன, சாய்கின்றன, ஒன்றையொன்று முட்டுகின்றன. கடைசியில் அவை ஒன்றுகூடி, முறுக்கிக்கொண்டு விரல் விரித்துக் கீழே நீளும் ஒரு கையாகின்றன.

படத்தின் நாயகன் சீட்டாட்டத்தில் சீட்டுப் போடுபவன். அவனுடைய கை சாமர்த்தியமான கை. அதே கையில்தான் ஹெராயின் ஊசியும் ஏறுகிறது. கதை முழுக்க அந்தக் கையின் போராட்டம்தான். பாஸ் படத்தில் வரும் எதையும் முன்கூட்டிக் காட்டவில்லை. நடிகர் முகம் இல்லை, ஊசி இல்லை, சீட்டு இல்லை. ஆனாலும் டைட்டில் முடியும்போது நம் உடம்பில் ஒரு இறுக்கம் வந்துவிடுகிறது. முதல் காட்சியை அந்த இறுக்கத்தோடுதான் பார்க்கிறோம். இதனால்தான் டைட்டிலைப் படத்தின் முதல் காட்சி என்கிறேன். பெயர் சொல்வது அதன் ஒரு வேலை, பார்ப்பவரின் மனதைச் சுருதி சேர்ப்பது இன்னொரு வேலை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் டைட்டில் நொண்டும்.

பாஸ் தன் கடைசிக் காலத்தில் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்சஸிக்கு நான்கு டைட்டில்கள் செய்தார். 1990-இல் 'குட்ஃபெல்லாஸ்' தொடங்கி 1995-இல் 'கஸீனோ' வரை. அவற்றில் அவர் மனைவி எலேன் பாஸுக்குச் சரிபாதிப் பங்கு உண்டு. சால் பாஸ் என்று ஒற்றைப் பெயரோடு கட்டுரைகள் நிறுத்திக்கொள்ளும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பெயர் போடும் தொழிலில் இருப்பவர்களே ஒரு பெயரை விட்டுவிடக் கூடாது.

ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' படத்தின் டைட்டிலில் சுழலும் வடிவங்கள் கம்ப்யூட்டரில் செய்தவை என்று வகுப்பில் சொன்னார்கள். 1958-இல் அது எப்படி முடியும்?
- மாணவர், கோயம்புத்தூர்

உங்கள் ஆசிரியர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் கம்ப்யூட்டர் அல்ல அது. டைட்டில் சால் பாஸுடையது. சுழல்களைச் செய்து தந்தவர் ஜான் விட்னி. இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குக் குறி கணித்துக் கொடுத்த ஒரு இயந்திரம் இருந்தது. பறக்கும் விமானம் அடுத்து எங்கே இருக்கும் என்பதைப் பல்சக்கரங்களைக் கொண்டே கணக்கிடும். எம்-5 என்று பெயர். போர் முடிந்தபின் உபரியாகக் கிடந்த அதை விட்னி வேறு வேலைக்குத் திருப்பினார். அந்த இயந்திரத்தின் தளம் நிற்காமல் சுற்றும், மேலிருந்து ஒரு ஊசல் தொங்கும். சுற்றும் தளத்தில் ஊசல் கோடு போட, ஒன்றுக்குள் ஒன்றாக வளையும் வடிவங்கள் பிறந்தன. லிஸஜூ வளைவுகள் என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள், அந்தக் குடும்பம்தான்.

படத்தில் அவை ஒரு பெண்ணின் கண்ணிலிருந்து புறப்பட்டு வருகின்றன. உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் ஒருவனின் கதைக்கு, தலைசுற்றலையே எடுத்துத் திரையில் வைத்துவிட்டார்கள். பீரங்கிக்குக் கணக்குப் போட்ட இரும்பை இப்படி ஒரு காரியத்துக்குத் திருப்பிய மனிதரை நினைத்தாலே எனக்கு மரியாதை வருகிறது.

டைட்டில் செய்ய எந்த சாஃப்ட்வேர் நல்லது?
- வாசகி, ஓசூர்

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கற்றுக்கொண்டால் வேலை கிடைக்கும். முப்பரிமாணத்துக்கு பிளெண்டர் இலவசம், தரமும் குறைவில்லை. ஆனால் ஒரு தாளில் பென்சிலால் ஆறு கட்டம் போட்டு உங்கள் டைட்டிலை விளக்க முடியாவிட்டால், எந்த சாஃப்ட்வேரும் உதவாது.

தமிழ் எழுத்தில் அனிமேஷன் போட்டால் கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் பறக்கிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? தமிழ் டைட்டில்கள் ஆங்கில டைட்டில் அளவுக்கு ஏன் அழகாக வருவதில்லை?
- மோஷன் கிராஃபிக்ஸ் கலைஞர், மதுரை

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத ஒப்புக்கொண்டேன்.

முதலில் கொம்பு விஷயம். பழைய ஃபாண்ட்களில் 'கோ' என்று அடித்தால் கணினியைப் பொறுத்தவரை அது மூன்று தனி உருக்கள்: இரட்டைக் கொம்பு, க, கால். எழுத்து எழுத்தாக நகர்த்தச் சொன்னால் அது மூன்றையும் தனித்தனியே நகர்த்தும். கொம்பு முதலில் வந்து நிற்கும், க பிறகு வரும், கால் கடைசியில் வரும். புள்ளியும் அப்படியே, 'ம்' என்பதில் புள்ளி மட்டும் ஆகாயத்தில் மிதக்கும். யூனிகோடு என்ற பொதுக் குறியீடு வந்தபிறகு வேறு தொல்லை. சாஃப்ட்வேர் தமிழ் எழுத்துகளைக் கோக்கும் விதியைப் பயன்படுத்தாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் புதிய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கென்று எழுத்து இயந்திரம் ஒன்றை அமைப்புகளில் தேர்ந்தெடுக்கலாம். முதலில் அதைச் செய்யுங்கள். எழுத்து சரியாக நிற்கும்.

ஆனால் அனிமேஷனுக்கு நான் அதையும் முழுதாக நம்புவதில்லை. பெயரை இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை சாஃப்ட்வேரில் அமைத்து, அவுட்லைனாக, அதாவது வெறும் வரைவடிவமாக மாற்றி, ஒவ்வொரு உயிர்மெய்யையும் ஒரு குரூப்பாகக் கட்டிவிடுவேன். 'கோ' ஒரு குரூப், 'ம' ஒன்று, 'தி' ஒன்று. அப்புறம் அதைக் கொண்டுவந்து குரூப் குரூப்பாக நகர்த்துவேன். வேலை கூடும். படக்குழு கடைசி நிமிடத்தில் பெயரை மாற்றினால் முதலிலிருந்து செய்ய வேண்டும். பரவாயில்லை. தன் பெயர் உடைந்து வருவதை ஒருவர் திரையில் பார்க்கக் கூடாது.

இப்போது அழகு. ஆங்கில டைட்டில்களில் அடிக்கடி பார்க்கும் ஒரு உத்தி: மெல்லிய பெரிய (கேப்பிடல்) எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே தாராள இடைவெளி. கம்பீரமாக இருக்கும். ஏனென்றால் அந்தப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம், தனித்தனியாக நிற்கப் பிறந்தவை. நம் ஆட்களும் அதே உத்தியைத் தமிழுக்குப் போடுகிறார்கள். 'பெருமாள்' என்ற பெயரை அப்படி விரித்தால் கொம்பு ஒரு பக்கம், ப ஒரு பக்கம், கால் நடுவில் அனாதையாக. படிப்பவர் கண் தடுமாறுகிறது. தமிழ் எழுத்துக்கு இடைவெளி உயிர்மெய்க்கும் உயிர்மெய்க்கும் நடுவில்தான், அதன் உள்ளே அல்ல. அதையும் அளவோடு வைக்க வேண்டும்.

அடுத்தது வரிகளின் நெருக்கம். 'கீ' மேலே ஏறுகிறது, 'மூ' கீழே இறங்குகிறது. இரண்டு வரியில் பெயர் போடும்போது மேல்வரியின் 'மூ' கீழ்வரியின் 'கீ'யோடு மோதும். ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி தமிழுக்குப் போதவே போதாது.

மூன்றாவது, ஒளிவட்டம். எழுத்தைச் சுற்றி ஒளி பரப்பினால் ஆங்கில எழுத்து தாங்கும். தமிழில் ண, ன, ஞ, ஊ எல்லாம் சுழிகளால் ஆனவை. ண-வுக்கு மூன்று சுழி, ன-வுக்கு இரண்டு. கொஞ்சம் சின்ன அளவில் ஒளியைக் கூட்டினால் சுழியின் உள்ளே இருக்கும் இருட்டு அடைத்துக்கொள்ளும். அப்புறம் ண எது, ன எது? 'கண்ணன்' என்ற பெயரில் இரண்டும் வருகிறது. நான் ஒளியைத் தனி லேயரில் வைத்து, எழுத்தின் கூர்மையான பிரதி ஒன்றை அதன்மேல் வைப்பேன். சுழி திறந்தே இருக்கும்.

இன்னொன்று, அலங்கார ஃபாண்ட் ஒன்றைப் பிடித்துப்போய்ப் படத்தின் தலைப்பை முடித்துவிடுவார்கள். பெயர்ப் பட்டியல் வந்ததும் பார்த்தால் அதில் ஷ இருக்காது, ஹ இருக்காது, ஸ்ரீ இருக்காது. நம் ஊர்ப் பெயர்களில் பாதிக்கு அவை வேண்டும். ஃபாண்டைத் தேர்வு செய்யும் முன்பே பட்டியலை வாங்கி, அதிலுள்ள எல்லாப் பெயர்களையும் ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

ஆகவே, தமிழ் அழகாக வரவில்லை என்றால் குறை எழுத்தில் இல்லை. ஆங்கில எழுத்துக்குத் தைத்த சட்டையை அதற்குப் போட்டுப் பார்க்கிறோம். நம் எழுத்தின் பலம் வளைவு. ஒரே கோடாக வரைந்துகொண்டே போகும் இயக்கம், எழுதுகோலின் வேகம், சுழி சுருண்டு விரிவது, இவையெல்லாம் நமக்கு இயல்பாக வரும். அங்கிருந்து தொடங்குங்கள்.

பழைய தூர்தர்ஷன் சின்னம் சுழன்று சுழன்று வந்து சேருமே, அந்த இசையோடு! அதை யார் செய்தது? இப்போது பார்த்தாலும் கண் கலங்குகிறது.
- ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொலைக்காட்சி அப்போது ஆல் இந்தியா ரேடியோவின் ஒரு பிரிவு. 1976 ஏப்ரல் 1 அன்று அது தனி அமைப்பானது, அப்போதுதான் அந்தச் சின்னம் வந்தது. வரைந்தவர் தேவாஷிஸ் பட்டாச்சார்யா. அகமதாபாத்தில் இருக்கும் தேசிய வடிவமைப்புக் கழகத்தின் மாணவர் அவர். நடுவே ஒரு வட்டம், அதைத் தழுவி மேலும் கீழும் இரண்டு வளைவுகள். பார்த்தவர்கள் அதைக் கண் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அசைவையும் அந்தக் கழகத்திலேயே செய்தார்கள். வரைபடத்தின் பிரதிகளைக் கேமராவுக்கு அடியில் வைத்துச் சுழற்றிச் சுழற்றிப் படம் பிடித்து, அவை கூடிக் கடைசி வடிவத்துக்கு வரும்படி அமைத்தார்கள். இசை பண்டிட் ரவிசங்கர். அதில் ஒலிக்கும் ஷெனாய் உஸ்தாத் அலி அகமது உசேன் கானுடையது.

எனக்கு அதில் பிடித்தது அதன் பொறுமை. வடிவம் எடுத்தவுடன் முகம் காட்டாது. உருவமில்லாத வளைவுகள் நிதானமாகச் சுற்றி வரும். ஷெனாய் தன் வாக்கியத்தை முடிக்கும் இடத்தில் அவையும் முடிந்து நிற்கும். இசையும் அசைவும் ஒரே இடத்தில் தரை தட்டுகின்றன. இன்றைக்கு நான் டைம்லைனில் கீ-ஃப்ரேம் (அசைவு தொடங்கும், முடியும் இடத்துக்கான குறி) போடும்போது தேடுவது அந்த ஒரு புள்ளியைத்தான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கப் பக்கத்து வீட்டில் கூடிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அசையும் வடிவம் ஒன்று மனதில் தங்கும் என்று எனக்கு முதலில் காட்டியது அந்தச் சின்னம்தான்.

'செவன்' படத்தின் டைட்டிலில் எழுத்துகள் நடுங்குகின்றனவே, அது எப்படி?
- வாசகர், யாழ்ப்பாணம்

1995-இல் டேவிட் ஃபிஞ்சர் இயக்கிய படம். டைட்டில் கைல் கூப்பர். கறுப்பு மை பூசிய பலகையில் ஊசியால் கீறி எழுதினார். பிறகு படச்சுருளை இயக்கி, இழுத்து, குதிக்கவிட்டுப் பதிவு செய்தார்கள். கணினியில் நடுக்கம் சேர்ப்பது இன்று ஒரு பொத்தான். கையால் வந்த நடுக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு முறை வராது, அதுதான் பயமுறுத்துகிறது.

அதைவிட முக்கியம், காட்டப்படும் படங்கள். ஒருவன் பிளேடால் விரல் நுனித் தோலைச் சீவுகிறான். நோட்டுப் புத்தகத்தில் நெருக்கி நெருக்கி எழுதுகிறான், தாள்களை ஊசிநூலால் தைக்கிறான். முகம் இல்லை. இவன்தான் கொலைகாரன். படத்தில் அவன் வெகுநேரம் கழித்துத்தான் வருவான், ஆனால் அவனோடு நாம் ஏற்கெனவே ஒரு அறையில் இருந்துவிட்டோம். அவன் கைரேகை ஏன் எங்கும் கிடைப்பதில்லை என்பதற்கும் விடை டைட்டிலிலேயே இருக்கிறது.

பெயர் விஷயத்திலும் ஒன்று கவனியுங்கள். கொலைகாரனாக நடித்த நடிகரின் பெயர் இந்த முன் டைட்டிலில் கிடையாது. பெயர் தெரிந்தால் பார்ப்பவர் அவரை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள் என்பதால் விட்டுவிட்டார்கள். படம் முடிந்தபின் வரும் பட்டியலில்தான் வருகிறது. கதைக்காக ஒரு நடிகர் தன் பெயரை முன்னால் இருந்து எடுக்கச் சம்மதிப்பது சாதாரணம் அல்ல.

ஓடிடியில் டைட்டிலைத் தாண்டும் பொத்தான் வந்துவிட்டது. இனி உங்கள் தொழில் என்ன ஆகும்?
- கல்லூரி மாணவி, திருச்சி

நெட்ஃபிளிக்ஸ் அந்தப் பொத்தானை 2017-இல் கொண்டுவந்தது. ஐந்து வருடம் கழித்து அவர்களே சொன்ன கணக்கு, நாளொன்றுக்கு 13.6 கோடி முறை அழுத்தப்படுகிறது என்பது. அழுத்துபவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே இரவில் ஐந்து பகுதி பார்ப்பவர் ஐந்து முறை ஒரே டைட்டிலைப் பார்க்க வேண்டும் என்று கேட்பது நியாயம் இல்லை.

ஆனால் அந்தப் பொத்தான் வந்தபிறகும் தாண்டாமல் பார்க்கும் டைட்டில்கள் இருக்கின்றன. 2011-இல் தொடங்கிய 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பாருங்கள். ஒரு வரைபடத்தின் மேல் கோட்டைகள் பல்சக்கரம் வைத்த பொம்மைகளைப் போலத் தரையிலிருந்து எழும். அந்தப் பகுதியில் கதை எங்கெல்லாம் போகிறதோ அதற்கேற்ப ஊர்கள் மாறும். ஊரும் குடும்பமும் ஏராளமாக வரும் கதை, பார்ப்பவர் தொலைந்துபோவார். டைட்டில் கைபிடித்து இடம் காட்டியது. ஒவ்வொரு வாரமும் பார்க்க ஒரு காரணம் இருந்தது.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' 2016-இல் வந்தது, அந்தப் பொத்தானுக்குச் சற்று முன். அதில் எழுத்தைத் தவிர எதுவுமே இல்லை. சிவப்பு விளிம்பு எழுத்துகள், மிக நெருக்கத்தில், எந்த எழுத்து என்றே தெரியாதபடி மெதுவாக நகர்கின்றன. கடைசியில் விலகிப் பார்த்தால் தொடரின் பெயர். எழுத்துரு எட் பெங்கியட் வடிவமைத்தது, எழுபதுகளின் பிற்பகுதியில் வந்து எண்பதுகளின் நாவல் அட்டைகளில் புழங்கியது. கதை நடப்பதும் எண்பதுகளில். செய்தவர்கள் இமாஜினரி ஃபோர்சஸ் நிறுவனத்தார். 'செவன்' செய்த கைல் கூப்பரும் அதன் நிறுவனர்களில் ஒருவர்.

இதில் என்னைக் கவர்ந்தது வேறு. எழுத்தை லித் ஃபிலிமில், அதாவது கறுப்பும் தெளிவும் மட்டுமே பதியும் ஃபிலிமில் எடுத்து, பின்னால் விளக்கு வைத்து, ஒளி எப்படிக் கசிகிறது, எங்கே துள்ளுகிறது என்று பார்த்தார்கள். பிறகு அந்தக் குறைகளைக் கணினியில் சேர்த்தார்கள். நான் வேலைக்கு வந்த புதிதில் லித் ஃபிலிமில்தான் டைட்டில். கறுப்பான ஃபிலிமில் எழுத்து மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். கறுப்பில் குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் திரையில் நட்சத்திரமாக மின்னும். லைட் டேபிளில் வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு ஓட்டையாக அடைப்போம். ஒளிபுகா மை காயும் வரை மூச்சு விடப் பயப்படுவோம். அந்தப் பிசிறுகளை இன்றைய பிள்ளைகள் விரும்பித் திரும்பக் கொண்டுவருகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம். 2017-இல் சிறந்த டைட்டில் வடிவமைப்புக்கான எம்மி விருது 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' டைட்டிலுக்குத்தான் கிடைத்தது.

தொழில் எங்கும் போகாது. சும்மா நேரத்தை நிரப்பும் டைட்டில்கள்தான் போகும்.

டைட்டில் கார்டில் எழுத்துப் பிழை வந்தால் என்ன செய்வீர்கள்?
- வாசகர், சேலம்

வெளியீட்டுக்கு முன் கண்டால் திருத்துவோம், பின்னால் கண்டால் அது காலத்துக்கும் நிற்கும். ஸ்டான்லி குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்', 1964. பாப்லோ ஃபெர்ரோ கையாலேயே நீளநீளமாக, மெல்லியதாகத் திரை முழுக்க எழுதினார். பின்னால் நடுவானில் விமானம் எரிபொருள் வாங்குவதும் தெரியும், எழுத்தும் தெரியும். அபாரமான வேலை. அதில் நாவலைத் தழுவியது என்று சொல்லும் வரியில் 'பேஸ்டு ஆன்' என்பது கடைசி எழுத்து விடுபட்டு 'பேஸ் ஆன்' என்றே இன்றும் இருக்கிறது. பெயர்ப் பட்டியலை, படத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தெரிந்தவர் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும்.

இரண்டு பெரிய நடிகர்கள் நடித்தால் யார் பெயர் முதலில்?
- வாசகி, தூத்துக்குடி

ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படி. 1974-இல் 'தி டவரிங் இன்ஃபெர்னோ' படத்துக்கு ஸ்டீவ் மெக்வீனும் பால் நியூமனும். ஒரே கார்டில் இருவர் பெயரும். மெக்வீன் இடப்பக்கம், கொஞ்சம் கீழே. நியூமன் வலப்பக்கம், கொஞ்சம் மேலே. இடமிருந்து படித்தால் இவர் முதல், மேலிருந்து படித்தால் அவர் முதல். நம்மிடம் அதே வேலையை வார்த்தைகள் செய்கின்றன: 'இவர்களுடன்', கடைசியில் தனிக் கார்டில் 'மற்றும்'. அந்த 'மற்றும்' கார்டுக்காக மணிக்கணக்கில் பேச்சு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இயக்குநர் பெயர் முன்னால் வராததால் பெரிய பிரச்சினையே ஆகியிருக்கிறது. 1980-இல் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் இரண்டாவது படத்தில் இயக்குநர் பெயரைப் படத்தின் முடிவில் போட்டார்கள். அமெரிக்க இயக்குநர் சங்கம் அபராதம் போட்டது. ஜார்ஜ் லூகாஸ் பணத்தைக் கட்டிவிட்டுச் சங்கத்தை விட்டே விலகினார்.

ரஜினி டைட்டில் கார்டு எந்தப் படத்தில் முதலில் வந்தது?
- வாசகர், ஆம்பூர்

'அண்ணாமலை', 1992. இயக்கம் சுரேஷ் கிருஷ்ணா, இசை தேவா. புள்ளி புள்ளியாக ஒளிர்ந்து எழுத்துகள் சேரும். ஒவ்வொரு எழுத்துக்கும் தியேட்டர் நேரம் கொடுக்கிறது, கத்துவதற்கு. ரசிகரின் குரலுக்கு இடம் விட்டு அமைத்த டைட்டில் அது. அந்த இடைவெளியைக் குறைத்தால் கார்டு செத்துவிடும்.

நான் ஒரு படத்தில் உதவி ஒப்பனையாளராக வேலை செய்தேன். கடைசியில் ஓடிய ரோலிங் டைட்டிலில் என் பெயர் இருந்ததாம். அம்மாவை அழைத்துப்போனேன். படிப்பதற்குள் ஓடிவிட்டது.
- சென்னை

உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். இது நடக்கக் கூடாது. நடப்பதற்குக் காரணம், பெரும்பாலும் ரோலிங் டைட்டிலுக்குக் கடைசியில் மிஞ்சும் நேரத்தை ஒதுக்குவதுதான். பாட்டு இரண்டு நிமிடம் என்றால் பெயர்கள் எத்தனை இருந்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் அடை என்பார்கள்.

கணக்கு சிக்கலானது அல்ல. 1080 கோடு (பிக்சல்) உயரமுள்ள திரையில், நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கு 3 பிக்சல் வீதம் ஏற்றினால் ஒரு பெயர் கீழிருந்து மேலே போக 15 நொடி. நிதானமாகப் படிக்கலாம். 4 பிக்சல் என்றால் 11 நொடிக்குச் சற்று மேல், சமாளிக்கலாம். 6-க்குப் போனால் ஏழரை நொடி. ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க அது போதாது. அதேபோல 3-க்கும் 4-க்கும் நடுவில் மூன்றேகால் என்று வைத்தால் எழுத்து துடிக்கும், ஏனென்றால் பாதி பிக்சலில் எழுத்து நிற்க முடியாது. முழு எண்ணாக வைக்க வேண்டும்.

நேரம் போதாவிட்டால் இரண்டு பத்தியாகப் பிரிக்கலாம், அல்லது ஓடவிடாமல் நிற்கும் கார்டுகளாகப் போடலாம். ஒரு கார்டைத் திரையில் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதற்கு என் வழக்கம், அதிலுள்ள எல்லாப் பெயர்களையும் சத்தமாக இருமுறை படிக்கும் நேரம். தயாரிப்பாளர்களிடம் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன். படம் ஓடிடிக்கு வந்ததும் அந்த இடத்தில் நிறுத்தி அம்மாவுக்குக் காட்டுங்கள். அடுத்த படத்தில் டைட்டில் செய்பவரை நேரில் பார்த்து உங்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள். எழுத்துப் பிழை இல்லாமலாவது வரும்.

பிளஸ் டூ படிக்கிறேன். டைட்டில் டிசைனர் ஆக என்ன செய்ய வேண்டும் அக்கா?
- மாணவி, தர்மபுரி

கம்ப்யூட்டர் இல்லை என்று எழுதியிருக்கிறாய். இப்போதைக்குத் தேவையில்லை. கறுப்புச் சார்ட் ஒன்று, வெள்ளைத் தாள், கத்தரிக்கோல், ஃபோன் போதும். ஃபோனை நாற்காலியில் கட்டி, கேமரா தரையைப் பார்க்கும்படி வை. ஆடக் கூடாது. வெளிச்சத்துக்கு ஒரு டியூப்லைட், ஜன்னலை மூடிவிடு, மேகம் போனால் வெளிச்சம் மாறும். தாளை வெட்டிச் சார்ட்டில் வைத்து ஒரு படம் எடு, நகத்தளவு நகர்த்தி அடுத்த படம். நொடிக்கு 12 படம் எடுத்தால் பத்து நொடிக்கு 120. ஸ்டாப்-மோஷன் ஆப் ஏதாவது ஒன்று அவற்றைச் சேர்த்துத் தரும்.

உனக்குப் பிடித்த ஒரு சிறுகதைக்கு டைட்டில் செய். கதையில் வரும் ஆள், வீடு, மரம் எதையும் வரையாதே. கதை எதைப் பற்றியது என்பதை ஒரே வடிவத்தில் சொல்ல முடிகிறதா என்று பார். கதாசிரியர் பெயர் படிக்கும்படி இருக்கட்டும். முடித்ததும் கதையைப் படிக்காத ஒரு தோழிக்குக் காட்டி, கதை எப்படி இருக்கும் என்று தோன்றுகிறது என்று கேள். அவள் சொல்வதை எழுதி, வீடியோவோடு பத்திரிகை முகவரிக்கு அனுப்பு. நான் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.